ஏழுக்கு இரண்டு

ஆஸ்பத்திரியில் அந்தத் தாளை என் கையில் கொடுத்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு பேனா பிடித்தது பேங்க் கையெழுத்துக்கும், பால்காரனுக்குக் கதவில் செருகி வைக்கும் சீட்டுக்கும்தான்.

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் கேன்சர். கண்டுபிடித்தபோதே முதுகெலும்புக்குப் போயிருந்தது. வயது எழுபத்தாறு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மகன் புனேயில். வருவான், நாலு நாள் இருப்பான், போவான். மற்றபடி நாங்கள் இரண்டு பேர்தான். டில்லி மயூர் விஹாரில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மருந்து ஏற்றும் நாளில் காலை ஆறு மணிக்கே ஆட்டோ பிடித்தால்தான் சாய்வு நாற்காலி கிடைக்கும். பிந்திப் போனால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாளே ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இந்த மாதிரி வியாதி வந்தவர்களின் நாள் எப்படிப் போகிறது, எவ்வளவு வலி, எவ்வளவு தூக்கம் என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. எழுதியதை டாக்டரும் பார்ப்பார். அவரவர் தாய்மொழியில்தான் கேட்க வேண்டுமாம். எங்கள் பெயரைப் பார்த்துத் தமிழ்த் தாளாகத் தேடி எடுத்து வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்களே படிங்க. அங்கிள் சொல்றத டிக் பண்ணுங்க, போதும். எனக்கு தமிழ் பேசத்தான் வரும். படிக்க வராது. டில்லியிலயே பொறந்து வளர்ந்தவ."

"மோதி பாக் தமிழ் ஸ்கூல்ல போட்டிருந்தா படிச்சிருப்ப" என்றார் இவர், ஊசி குத்திய கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு.

"அப்பா போடலையே அங்கிள். ஹிந்தி நல்லா வரணும்னு கான்வென்ட். இப்ப ரெண்டும் அரைகுறை."

இவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் தாளை அவரால் படிக்க முடியாது. மருந்து ஏறும்போது எழுத்தைப் பார்த்தால் வாந்தி வரும். அதனால் கேட்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட கேள்விகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். சாப்பிடறீங்களா, வெந்நீர் வைக்கட்டுமா, எத்தனை மணிக்கு வருவீங்க. அந்தத் தாளிலோ முப்பது கேள்விக்கு மேல் இருந்தது. இந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு வலி இருந்ததா? வலி உங்கள் வேலைகளைக் கெடுத்ததா? எதிலும் மனம் போகாமல் இருந்ததா? மற்றவர்களுக்குப் பாரமாக இருப்பதாக நினைத்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம். இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, ரொம்ப அதிகம். கடைசியில் மட்டும் ஒன்று முதல் ஏழு வரை எண். மொத்தத்தில் இந்த வாரம் உங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது? ஒன்று என்றால் மிக மோசம், ஏழு என்றால் மிக நன்று.

நான் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காதபடி படித்தேன்.

"சத்தமாப் படிமே. வாத்தியார் கிட்ட ஒப்பிக்கிற மாதிரி முழுங்கற" என்றார்.

"வலி இருந்ததாங்க?"

"இல்லவே இல்ல."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கம்?"

"நல்லா தூங்கறேன்னு போடு."

இப்படியே போயிற்று. நடுவில் ஒரு கேள்வி, புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். அதைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. வாயைத் திறக்காமல் நானே முதல் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். கடைசி எண்ணுக்கு அவர் ஆறு என்றார். "ஏழு போட்டா நம்ப மாட்டாங்க" என்று கண்ணடித்தார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். அதற்கப்புறம்தான் மந்திரி ஆபீசில் கிளார்க் வேலையும் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸும். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம்தான். அதனால் எல்லாப் பெண்டுகளுக்கும் இது தெரியும். அங்கே உடம்புக்கும் வகுப்பு உண்டு. டாக்டரிடம் முட்டி வலிக்கிறது, காது கேட்கவில்லை என்று சொன்னால் காகிதத்தில் ஏறிவிடும். ஏறினால் வகுப்பு இறங்கும். வகுப்பு இறங்கினால் பதவி உயர்வு நிற்கும், இன்னும் இறங்கினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். கால் எலும்பில் கீறலோடு இவர் இரண்டு மாதம் பரேடு போனதாகச் சொல்வார். ராத்திரி நடக்க முடியாமல் தவழ்ந்து போவாராம். விடிந்தால் பூட்ஸ். "டாக்டர் கேட்டா ஒரே பதில்தான். டீக் ஹை சாப்." நன்றாக இருக்கிறேன் ஐயா என்று அர்த்தம். இதைப் பெருமையாகச் சொல்வார். நானும் பெருமையாகக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் தடவையும் ஆறு. மூன்றாம் தடவை ஐந்து. டாக்டர் நேரில் கேட்டாலும் அதே டீக் ஹைதான். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். நாலு பேர் முன்னால் அவர் பேச்சை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் ஹிந்தியும் காய்கறிக்காரனோடு நின்றுவிடும். டாக்டர் தாளைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், சாதாரண வலி மாத்திரையே எழுதித் தருவார்.

வீட்டில் நடந்தது வேறு.

எங்கள் பிளாட்டில் கோடையில் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். ஒரு சொட்டு வீணானாலும் இவர் திட்டுவார். அரிசி கழுவின தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினேனா என்று எட்டிப் பார்ப்பார். அந்த மனுஷர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிடத் தொடங்கினார். பக்கெட் நிரம்பி வழிந்து சாக்கடைக்குப் போகும். முனகும் சத்தம் வெளியே வராமல் இருக்கத்தான் அது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். முதலில் ஐந்து நிமிஷம் ஓடும். அப்புறம் கால் மணி. நான் சமையலறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடுப்பில் எது இருந்தாலும் கை ஓடாது. தாளில் அவர் என்ன சொன்னாலும் எனக்குக் குழாய்தான் அளவு.

ஒரு நாள் துணிந்து சொன்னேன். "டாக்டர் கிட்ட சொல்லுங்க. வேற மாத்திரை கீதாமே. அந்தப் பொண்ணு சொல்லிச்சி."

"எந்தப் பொண்ணு? நீ அவகிட்ட இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. அதுவா பேச்சுவாக்குல சொல்லிச்சி."

"சொல்லாத. ஒரு வார்த்த சொல்லாத. சொன்னா மருந்த நிறுத்திடுவானுங்க. மீரட் ஆள் கதை தெரியுமில்ல?"

மீரட்டிலிருந்து வருகிறவர் ஒருவர் எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். இவரைவிட வயதில் சின்னவர். அவர் ஒன்றையும் மறைக்க மாட்டார். டாக்டர் வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அடுத்த தடவை நாங்கள் போனபோது நாற்காலியில் வேறு ஆள். அவர் மனைவி ஏதோ காகிதம் வாங்க வந்திருந்தாள். உடம்பு தாங்காதாம், இனி மருந்து இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அதைத்தான் இப்போது இழுத்தார்.

"பாத்தியா? உண்மய சொன்னவனுக்கு டிஸ்சார்ஜ்."

"இவ்ளோ வலியோட இருந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"இருந்து? சொல்லு. இருந்து இன்னாத்துக்குன்னுதானே கேக்கற?"

"ஐயோ, அப்படி இல்லீங்க."

"இருக்கறதுக்குத்தான். வேற இன்னாத்துக்கு?"

 அவர் பேத்தி கல்யாணம் பார்க்கணும், அது பண்ணணும் இது பண்ணணும் என்றெல்லாம் சொல்லவில்லை. இருக்கணும் என்றார், அவ்வளவுதான். அதில் தப்பு என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

நான்காம் தடவை போகிற அன்று விடிகாலை குழாய் முக்கால் மணி நேரம் ஓடியது. மேல் தொட்டி காலியாகிக் குழாய் காற்றைத் துப்ப ஆரம்பித்தது. அப்போதும் அவர் வெளியே வரவில்லை. வியாதி வந்ததிலிருந்து தாழ்ப்பாள் போடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். கதவைத் தள்ளினேன். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. என்னைப் பார்த்துக் கையால் சாடை காட்டினார். கதவை மூடு என்று.

மூடிவிட்டேன். அந்த மாதிரி சமயத்தில்கூட, சொன்னபடி மூடிவிட்டேன்.

ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சாதாரணமாக வெளியிடத்தில் என்னைத் தொட மாட்டார். ஆஸ்பத்திரியில் நாற்காலியில் சாய்ந்ததும் நர்ஸ் வாந்திக்கு ஒரு ஊசி போட்டாள். அதில் கண் அசந்துவிட்டார். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் டாக்டர் பார்க்க வேண்டும், காத்திருங்கள் என்றார்கள்.

அந்தப் பெண் வந்தாள். மகளுக்கு ஜுரம், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்றாள். அவள் முகமே வாடியிருந்தது.

"அங்கிள எழுப்ப வேணாம் ஆன்ட்டி. இன்னிக்கு வேற ஃபார்ம். மத்லப், கேள்வி எல்லாம் அதேதான். ஆனா நீங்க சொல்லணும். அங்கிள் எப்படி இருக்கார்னு நீங்க நினைக்கிறீங்களோ, அது."

"நானா?"

"ஆமா. வீட்ல கூட இருக்கறவங்களுக்குன்னே இந்த ஃபார்ம். அவரக் கேட்டு எழுதக் கூடாது. அதுதான் ரூல்."

"டாக்டர் பாப்பாரா?"

"பாப்பார். அச்சா, நான் பத்து நிமிஷத்துல வரேன், ஆராமா, மெதுவா எழுதுங்க."

அவள் போய்விட்டாள். தாள் மடியில். பேனா கையில். இவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். உதட்டு ஓரத்தில் துண்டின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

நான் ஒன்றும் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று யாராவது நினைத்தால் அது சரியில்லை. மீரட்காரர் மனைவி என் தோளில் அழுதது ஞாபகம் இருந்தது. நான் உண்மையைப் போட்டால் இந்த நாற்காலியில் அடுத்த தடவை வேறு ஆள் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். இவர் ஆசைப்பட்டது இந்த நாற்காலிக்குத்தான். பொய்யைப் போட்டால் நாளைக்கும் குழாய் ஓடும்.

வலி. நான்காவது கட்டம். தூக்கம் கெட்டதா, நான்காவது. மூச்சு வாங்குகிறதா, மூன்றாவது. எதிலும் மனம் போகவில்லையா என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன். மிலிட்டரி மாதிரி போர்வையின் நான்கு மூலையையும் ஒன்றாக வைத்து மடிப்பவர், இந்த ஒரு மாதமாகச் சுருட்டிக் காலடியில் தள்ளிவிடுகிறார். நான்காவது. பாரமாக நினைக்கிறாரா என்பதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அது அவருக்குள் இருப்பது. இரண்டாவது கட்டத்தில் போட்டேன். அந்தப் புருஷன் பெண்டாட்டி கேள்வியை மறுபடியும் பார்க்காமலே தாண்டினேன்.

கடைசியில் ஒன்று முதல் ஏழு. ஒன்று போடக் கை போயிற்று. முந்தின வாரம் மாம்பழம் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரரோடு பால்கனியிலிருந்து கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டார். அதனால் இரண்டு போட்டேன். ஒரு மனுஷருடைய வாரத்துக்கு இவ்வளவு என்று போட நான் யார்? ஆனாலும் போட்டேன்.

அரை மணியில் டாக்டர் கூப்பிட்டார். இவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். மேசையில் இரண்டு தாள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது. ஒன்று மூன்று வாரத்துக்கு முந்தினது, அவர் சொன்னது. இன்னொன்று என்னுடையது. டாக்டர் ஹிந்தியில் நிதானமாகப் பேசினார். அந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்று எனக்குத் தமிழில் சொன்னாள். போன வாரம் எடுத்த புது ஸ்கேனும் நன்றாக இல்லை, உடம்பு இனி இந்த மருந்தைத் தாங்காது, நிறுத்திவிடலாம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை இன்றைக்கே ஆரம்பிக்கலாம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?

இவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து படியேறி, கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு அடங்கின பிறகுதான் கேட்டார்.

"நீதானே எழுதிக் குடுத்த?"

"ஆமாங்க."

"ஏழுக்கு எத்தினி போட்ட?"

"ரெண்டு."

"ரெண்டா?" செருப்பைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார். "என்னைப் புடிக்காத ஆபீசர்கூட வருஷ ரிப்போர்ட்டுல எனக்கு ரெண்டு போட்டதில்லமே."

சிரிப்பது போல் இருந்தது. சிரிக்கவில்லை.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. இரண்டாம் நாளே வலி இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் மல்லாந்து படுத்துத் தூங்கினார். அவர் மல்லாந்து படுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தானே சவரம் செய்துகொண்டார். ரசம் சாதம் கேட்டு இரண்டு கரண்டி சாப்பிட்டார். என்னோடு மட்டும் பேசவில்லை. மாத்திரையை நீட்டினால் வாங்கிப் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது, அதுவும் அந்த மாத்திரையால்தான். மகனுக்கு ஃபோனில், "உங்கம்மா எனக்கு டிஸ்சார்ஜ் எழுதிட்டா" என்று சொன்னதை உள்ளே இருந்து கேட்டேன். மகன் என்ன சொன்னானோ தெரியாது.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து அவராகப் பேசினார்.

"எழுதறதுக்கு முன்னாடி என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நெசத்த சொல்லியிருப்பீங்களா?"

 தெருவில் பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலா கத்திக்கொண்டு போனான். அவன் சத்தம் முக்கு திரும்பிய பிறகு சொன்னார்.

"வலி இல்ல. அது நெசம். அதுக்காக உன்னைக் கும்புடணும். ஆனா நாளக் கொறச்சிட்டியேன்னு கீது. அதுவும் நெசம். ரெண்டும் கீது. நான் இன்னா பண்ணட்டும்?"

நான் கீரையை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மன்னிச்சிக்கோங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவரைத் திரும்ப அந்தப் பாத்ரூமுக்கு அனுப்பச் சம்மதம் என்கிற மாதிரி ஆகிவிடும். சொல்லவில்லை. அவர் காலைப் பிடித்துவிட்டேன். வீங்கியிருந்தது. அமுக்கின இடத்தில் குழி அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு பேசினார். பழைய மாதிரி இல்லை, தேவைக்குப் பேசினார். மருந்தை நிறுத்தியதிலிருந்து முப்பத்தெட்டு நாள் இருந்தார். அதில் நல்ல நாள் என்று சொன்னால் ஒரு இருபது இருக்கும். கடைசி ஒரு வாரம் நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு மழைநாள் காலையில், மகன் ஸ்டேஷனிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது, மூச்சு நின்றுவிட்டது. வலியோடு போகவில்லை. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

காரியம் முடிந்து பத்து நாள் கழித்து அந்தப் பெண் ஃபோன் செய்தாள். தகவல் தெரிந்துதான் செய்தாள். அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆன்ட்டி, டாக்டர் கிட்ட ஏதாவது கேக்கணும்னா என்கிட்ட சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

கேட்க ஒன்று இருந்தது. அன்றைக்கு நான் அந்தத் தாளில் அப்படிப் போடாமல் இருந்தால், ஸ்கேன் எப்படி இருந்தாலும் இன்னும் ஒரு தடவை மருந்து ஏற்றிப் பார்த்திருப்பார்களா? ஏற்றியிருந்தால் அவர் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பார்? டாக்டருக்குத் தெரிந்திருக்கும். அவள் கேட்டுச் சொல்லியும் இருப்பாள். நல்ல பெண், மறைக்கத் தெரியாதவள்.

"மகளுக்கு ஜுரம் விட்டுடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ விட்டுடுச்சு ஆன்ட்டி" என்றாள்.